கொள்முதல் திருப்பம்

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம் என்பது உங்களுக்குத் தெரியும். பஞ்சபூதங்களைப் பங்கு போட்டபோது நெருப்பு எங்கள் ஊருக்கு வந்தது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில், கொப்பரையில் ஏற்றுகிற ஜோதியைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. அதே ராத்திரி ஒரு மணிக்கு, அந்த ஜனத்தில் கணிசமான பேர் நெஞ்சுக்குள் ஏற்றிக்கொண்டு படுக்கிற இன்னொரு ஜோதியைப் பற்றித் தல புராணத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே நான் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "பௌர்ணமிக்கு மறுநாள் ரெண்டே ஐட்டம்தான் சார் ஓடும். ஒண்ணு, கால் வலிக்கு. இன்னொண்ணு, அந்த பிங்க் கலர் பாட்டில்."

ஏன் ஓடாது? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். நடப்பது நல்லதுதான், ஜீரணத்துக்கும் நல்லதுதான். ஆனால் நம் ஆள் காலையிலிருந்து விரதம். சாயந்திரம் வரை வெறும் காபியில் ஓட்டுகிறார். பிறகு வழி நெடுக யாராவது ஒரு புண்ணியவான் தொன்னையில் புளியோதரை நீட்டுகிறார். 'வேண்டாம்' என்றால் பாவம். அடுத்து சாம்பார் சாதம், கேசரி, சுக்கு காபி. சுற்றி முடித்ததும், 'பக்தி வேற, பசி வேற' என்று பரோட்டா சால்னா. கால் வலிக்கு ஒரு மாத்திரை. அப்படியே மண்டபத்திலோ பஸ்ஸின் கடைசி சீட்டிலோ நீட்டிப் படுத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பிக்கிறார். இரைப்பைக்கு எதிராக எவ்வளவு சதி செய்ய முடியுமோ அவ்வளவையும் ஒரே ராத்திரியில் செய்தாயிற்று. தொப்புளுக்கு மேலிருந்து தொண்டைக் குழி வரை ஒரு தீபம். வாயில் புளித்த தண்ணீர். எழுந்து உட்கார்ந்து, "ஐயோ, நெஞ்சைக் கரிக்குதே" என்கிறார்.

இதற்குத் தமிழில் எதுக்களிப்பு என்று அருமையான ஒரு வார்த்தை இருக்கிறது. எதிர்த்துக்கொண்டு மேலே வருவது. நான் பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு வேறு மாதிரிதான் புரியும். கணக்குப்பதிவியலில் கொள்முதல் திருப்பம் என்று ஒரு ஏடு உண்டு. வாங்கிய சரக்கு சரியில்லை என்றால் கடைக்காரருக்கே திருப்பி அனுப்புவது. வயிறு எழுதுகிற கொள்முதல் திருப்ப ஏடுதான் எதுக்களிப்பு. சரக்கிருப்பிலும் 'முதலில் வந்தது முதலில் வெளியே' என்று ஒரு முறை, 'கடைசியில் வந்தது முதலில் வெளியே' என்று ஒரு முறை உண்டல்லவா? ஆரோக்கியமான வயிறு முதல் முறைப்படி நடக்கும். ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டா போட்ட வயிறு இரண்டாவது முறைக்கு மாறிவிடும்.

சங்கதி என்னவென்றால், வாயிலிருந்து வயிற்றுக்குப் போகிற உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியில் வளையம் போல ஒரு தசை. விழுங்கும்போது திறக்கும், உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இடுக்குப் பிள்ளையார் கோயில் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் புகுந்து, ஒருக்களித்து, நெளிந்து, முன்பக்கமாக வெளியே வர வேண்டும். ஒருவழிப் பாதை. பாதி போனவர் 'பயமா இருக்கு' என்று பின்னால் நகர ஆரம்பித்தால் என்ன களேபரம் ஆகும்! அதேதான் இங்கேயும். அந்த வளையம் தளர்ந்தால் உள்ளே இருக்கிற அமிலம் பின்னோக்கிக் கிளம்புகிறது.

அமிலம் என்றால் சாதாரண அமிலம் இல்லை, சார். பள்ளிக்கூட லேபில் 'தொடாதே' என்று சொன்னார்களே, அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமேதான். ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் ஜீரண நீர் நம் வயிற்றுக்குள் சுரக்கிறது. வயிற்றின் உள்சுவருக்கு வழவழவென்று ஒரு பூச்சு உண்டு, அதனால் தாங்கும். உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு கிடையாது. அதுதான் எரிகிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒரு தனி சினிமா. 1822-ல் அமெரிக்காவின் மாக்கினா தீவில், கம்பளித் தோல் வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ டாக்டர் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்துவிட்டான். ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவில்லை! டாக்டர் என்ன செய்தார்? இறைச்சித் துண்டு, ரொட்டித் துண்டு எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே இறக்கி, மணிக்கணக்குப் பார்த்து வெளியே இழுத்து, 'இவ்வளவு கரைந்திருக்கிறது' என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். வருடக்கணக்கில்! 1833-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஜீரணம் என்பது அரைக்கிற வேலை மட்டும் இல்லை, ரசாயன வேலையும்கூட என்று உலகம் நம்பியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மார்ட்டின், டாக்டரைவிட அதிக காலம் வாழ்ந்து 1880-ல் இறந்தார். ஓட்டையோடு.

சரி, ராத்திரி ஒரு மணிக்கு வருவோம். எங்கள் மாடிப் போர்ஷனில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். முப்பத்திரண்டு வயசு. அவர் வாரத்துக்கு ஒரு ராத்திரியாவது கதவைத் தட்டி, "சார், உள்ள அடுப்பு எரியுது" என்பார். அவரிடம் பழகிப் பழகியும், தெரிந்த குடல் நோய் டாக்டர் ஒருவரைத் துளைத்துத் துளைத்தும் நான் தெரிந்துகொண்டவை இவை.

முதலில், படுக்காதே. எழுந்து உட்கார் அல்லது மெதுவாக நட. புவியீர்ப்பு விசைக்கு ஃபீஸ் கிடையாது, ராத்திரியிலும் வேலை செய்யும். பெல்ட், பேன்ட் பட்டன், வேட்டி முடிச்சு எல்லாவற்றையும் தளர்த்து. (நண்பருக்கு அரைஞாண் கயிறே இறுக்கம். அதைத் தளர்த்த அவர் அம்மா சம்மதிக்க ஒரு வாரம் ஆயிற்று.) இரண்டு மூன்று வாய் தண்ணீரை மெதுவாகக் குடித்தால் குழாயில் ஒட்டியிருக்கும் அமிலம் கீழே இறங்கும். ஒரு செம்பு கவிழ்த்தால் வயிறு இன்னும் உப்பும். சூயிங்கம் மெல்லலாம். எச்சில் ஊறும், எச்சிலுக்கு அமிலத்தைச் சாந்தப்படுத்துகிற குணம் உண்டு. ஆனால் புதினா வாசனை போட்டது வேண்டாம். புதினா அந்த வளையத்தைத் தளர்த்துகிற சாதி. ஹோட்டலில் சாப்பிட்டதும் பில்லோடு மின்ட் மிட்டாய் வைக்கிறார்களே, எதுக்களிப்புக்காரர்களுக்கு அது உபசாரம் இல்லை, உபத்திரவம்.

அடுத்தது பிங்க் பாட்டில். ஜெலுசில், டைஜீன் வகையறா. இவை அமிலத்தை அங்கேயே நீர்த்துப்போக வைக்கும். சில நிமிஷத்தில் சுகம் தெரியும். வெறும் வயிற்றில் அரை மணி, ஒரு மணி தாங்கும்; சாப்பிட்ட பிறகு என்றால் இன்னும் கொஞ்சம். மாத்திரையாக இருந்தால் கடக் முடக்கென்று நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். ஈனோ மாதிரி பொங்குகிற உப்புகளில் சோடியம் உண்டு; பிரஷர்காரர்கள் தினப்படி வைத்துக்கொள்ளக் கூடாது. கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் எந்த ஆன்ட்டாசிட்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்ட்டிபயாடிக்குகள் இதோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

"பால் குடிச்சா அடங்கிடுமே?" என்று கீழ் போர்ஷன் மாமி கேட்பாள். அடங்கும். பத்து நிமிஷம். அப்புறம் பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் இன்னும் கொஞ்சம் அமிலத்தைச் சுரக்க வைக்கும். மாமியைக் குறை சொல்லாதீர்கள். 1915-ல் சிகாகோவில் சிப்பி என்ற பெரிய டாக்டரே அல்சர்காரர்களுக்கு மணிக்கு ஒரு தரம் பாலும் க்ரீமும் கொடுக்கச் சொன்னார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதைக் கடைப்பிடித்தார்கள். மாமி இன்னும் அந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

புளிக்காத நீர்மோர், சீரகத் தண்ணீர், ஓம வாட்டர்? ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள், தடையில்லை. என் நண்பருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். பெருங்காயத்தைச் சேர்த்தால் அவருக்கு அல்ல, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சை சாறு மட்டும் வேண்டாம். எரிகிற இடத்தில் புளிப்பை ஊற்றுவது என்ன வைத்தியம்?

சோடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோலி சோடா பாட்டிலை 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். நாம் அதைக் குடும்ப வைத்தியராக நியமித்துவிட்டோம். நெஞ்சில் எது வந்தாலும் 'கேஸ்!' கேஸுக்கு சோடா. குடித்ததும் 'ஏவ்வ்' என்று ஒரு ஏப்பம். "ஆங்... சரியாயிடுச்சு." ஏப்பம் எப்படி வருகிறது? வயிறு காற்றால் உப்பி, அந்த வளையம் திறந்தால்தான் வரும். திறந்த கதவு வழியாகக் காற்று மட்டுமா வரும்? கூடவே அமிலமும் எட்டிப் பார்க்கும். நெஞ்செரிச்சலுக்கு சோடா என்பது, திருடனைப் பிடிக்க வாசல் கதவைத் திறந்து வைப்பது.

சோடாவால் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் ஒருவர். நாற்பத்தாறு வயசு. சிகரெட் உண்டு, சர்க்கரை பார்த்துக்கொண்டது இல்லை. போன பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், மார்பின் நடுவில் கை வைத்து, "எரியுதுப்பா... கேஸு" என்று உட்கார்ந்தார். பக்கத்துக் கடையிலிருந்து கோலி சோடா வந்தது. ஏப்பம் வந்தது. "இப்ப தேவலை" என்று எழுந்தார். இரண்டாவது மூட்டையில் மறுபடி. இன்னொரு சோடா. மூன்றாவது தடவை அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தாடை இழுக்கிறது என்றார். நான் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கிற அவர் பையன் தராசை அப்படியே போட்டுவிட்டு, போனை எடுத்து 108-ஐ அழுத்தினான்.

"ஏன்டா, கேஸுக்கெல்லாமா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவே? ஊர் சிரிக்கும்டா!"

"சிரிக்கட்டும்பா. நீ பேசாம உக்காரு."

அவ்வளவுதான் பேசினான். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் அவரைச் சுற்றி நாலைந்து பேர் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். மாரடைப்பு. அடைத்த இடத்தில் பிறகு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், மூட்டை தூக்குவதில்லை. "எரிச்சல்னுதானேப்பா இருந்துச்சு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் இன்னும் ஆச்சரியப்படுகிறார்.

டாக்டர் நண்பரிடம் கேட்டேன்: "எரிச்சல்னு வந்தா எது எதுன்னு எப்படி சார் தெரியும்?"

"வீட்ல உக்காந்துகிட்டு நிச்சயமா கண்டுபிடிக்க முடியாது. எனக்கே ஈ.சி.ஜி. வேணும். அதுவும் முதல் ஈ.சி.ஜி. சில சமயம் நார்மலா இருக்கும்; மறுபடி எடுக்கணும், ரத்தப் பரிசோதனை செய்யணும்" என்றார்.

ஆனாலும் சில சாடை உண்டு. எதுக்களிப்பு பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, குனிந்தால், படுத்தால் வரும்; வாயில் புளிப்பு இருக்கும். மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி அழுத்தம், நடந்தால் ஏறுவது, உட்கார்ந்தால் குறைவது, தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது என்றால் வேறு பேச்சே இல்லை, 108. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் இந்த அறிகுறிகள் கூடத் தெளிவாக வராது. 'ஜெலுசில் குடிச்சேன், குறைஞ்சுது, அதனால கேஸ்தான்' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. மாரடைப்பு வலியும் தற்செயலாகச் சற்று தணியும். இளவட்டம் என்பதும் ஜாமீன் இல்லை. மேல்நாட்டுக்காரர்களைவிட நமக்கு இந்த வியாதி சில வருஷங்கள் முன்னதாகவே வருகிறது.

தமிழ்நாட்டில் 108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. 2023-ல் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார்கள். செங்கம், போளூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கிரிவலம் வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். சோடாக் கடையைவிட சுகாதார நிலையம் தூரமாக இருக்கும், போங்கள்.

இனி மாத்திரை விவகாரம். ஒரு காலத்தில் நம் ஊர் பெட்டிக்கடை வரை பிரபலமாக இருந்த ரானிடிடினில், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கிற ஒரு மாசு இருப்பது 2019-ல் தெரிய வந்தது. 2020-ல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். 2022-ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். அதே குடும்பத்து ஃபமோடிடினுக்கு அந்தத் தொல்லை இல்லை. போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

ஆபீஸ்வாசிகளின் இஷ்ட தெய்வம் பான்டப்ரசோல். ஓமெப்ரசோல் 1988-ல் சந்தைக்கு வந்ததிலிருந்து இந்த வம்சம் உலகை ஆள்கிறது. அமிலம் சுரக்கிற பம்பையே நிறுத்துகிற மருந்து. நல்ல மருந்து. ஆனால் ராத்திரி ஒரு மணி எரிச்சலுக்கு அது உடனடி வைத்தியம் இல்லை. முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். நம் ஆட்கள் பார்ட்டிக்குக் கிளம்பும்போது முன்ஜாமீன் மாதிரி ஒன்று போட்டுக்கொள்கிறார்கள்! சிலர் வருடக்கணக்கில், டாக்டர் எப்போது சொன்னார், எதற்குச் சொன்னார் என்பதே மறந்து போய், விழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் அதை எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும்.

சாப்பாடு தொண்டையில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்த மலம், ரத்த வாந்தி, ரத்த சோகை, ஐம்பது வயசுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த எரிச்சல் — இவை வீட்டு வைத்தியக் கணக்கில் வராது. உடனே எண்டோஸ்கோப்பி வரை போக வேண்டியவை. எங்கள் ஊர்க் கதை தெரியுமே! ஜோதியின் அடிமுடி தேடி பிரம்மா அன்னமாக மேலே பறந்தார், விஷ்ணு வராகமாகக் கீழே தோண்டினார், இருவருக்கும் அகப்படவில்லை. இப்போது மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய் விட்டு, டி.வி. திரையில் கலரில் காட்டிவிடுகிறார்கள்.

கிரிவலம் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கால் வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதீர்கள். அதுவே வயிற்றைப் புண்ணாக்கும். மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில் விழுங்குங்கள். படுத்துக்கொண்டே விழுங்கினால் சில மாத்திரைகள் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு அங்கேயே புண் வைக்கும். பிரசாதத்தைப் பொட்டலமாக மடித்து ஊருக்கு எடுத்துப் போனாலும் அருள் குறையாது. சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும்.

படுக்கும்போது இடப்பக்கம். நம் வயிறு பை போல இடது பக்கம் தொங்குகிறது. இடப்பக்கம் படுத்தால் அமிலம் குழாய் வாய்க்குக் கீழே தேங்கி நிற்கும்; வலப்பக்கம் படுத்தால் குழாய் வாயிலேயே வந்து நிற்கும். தேரையர் சித்தர் இடப்பக்கப் படுக்கையைத்தான் சிபாரிசு செய்திருக்கிறார். இன்றைய டாக்டரும் அதையே சொல்லி ஃபீஸ் வாங்குகிறார்.

மாடி நண்பருக்கு டாக்டர் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். சிகரெட்டை விடு, தொந்தியைக் குறை, கட்டிலின் தலைமாட்டை ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்து. தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் வயிறும் மடங்கி இன்னும் மோசமாகும். கட்டிலையே சாய்க்க வேண்டும். முதல் இரண்டையும் 'பார்க்கலாம் சார்' என்று ஒத்திவைத்தவர், மூன்றாவதை அன்றைக்கே செய்துவிட்டார். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல். ராத்திரிக் கதவு தட்டல் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

அவருடைய நாலு வயசுப் பெண் கட்டிலைச் சறுக்குமரமாக உபயோகப்படுத்துகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர், ஜன்னல் வழியாகக் கட்டிலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். சாயந்திரம் கொத்தனாரையும் ரசமட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, "தரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கு பாருப்பா" என்றார்.